கால் நடுங்க முந்தி

அந்த வருஷம் மழை விட்ட கையோடு எங்கள் தோட்டத்துக்குள் காய்ச்சல் நுழைந்தது. முதலில் கீழ்க்கணக்கு லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாலைந்து பேர் படுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது மேற்கணக்கு வரை ஏறிவிட்டது. தோட்டத்தின் ஒரு பிரிவைக் கணக்கு என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். கீழ்க்கணக்கில் தேயிலைத் தொழிற்சாலையும் டிஸ்பென்சரியும் என் குவார்ட்டர்ஸும் இருந்தன. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினால் மேற்கணக்கு.

நான் அந்தத் தோட்டத்தின் மருத்துவச்சி. வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. பிறந்து வளர்ந்தது மாத்தளை டவுனில். பயிற்சி முடிந்ததும் ரத்தோட்டைக்கு மேலே இருந்த இந்தத் தோட்டத்தில் வேலை கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷமும் நடைதான். கர்ப்பிணிகளைப் பார்க்க வாரத்தில் மூன்று தடவை மேற்கணக்குக்கு ஏறுவேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குடை. பிள்ளை பெற்ற பெண்களைப் படுத்தே கிடக்க விடமாட்டேன். "எந்திரிச்சு நடங்க, நடந்தாத்தான் உடம்பு தேறும்" என்று நான் அதட்டாத லயமே கிடையாது.

காய்ச்சல் என்னைப் பிடித்தபோது ஆறு நாள் படுத்தேன். டிஸ்பென்சர் ஐயாவின் மனைவி கஞ்சி அனுப்பினார். கொத்தமல்லியும் வெனிவெல்கட்ட என்னும் மரமஞ்சளும் போட்டு அவித்த கசப்புத் தண்ணீரைத் தானே கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். ஏழாம் நாள் காய்ச்சல் இல்லை. தலைவலி இல்லை. எழுந்து முகம் கழுவி, சேலை மாற்றி, தலை வாரிக்கொண்டேன். கண்ணாடியில் கொஞ்சம் மெலிந்திருந்தேன், அவ்வளவுதான். வேலைக்குப் போகலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டிஸ்பென்சரிக்கு ஏழு படி. மூன்றாவது படியில் என் முழங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. நெஞ்சு தடதடவென்று அடித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருந்துக்கு வந்த நாலு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. காய்ச்சல் போய்விட்டது. பின்னே இது என்ன?

டிஸ்பென்சர் ஐயா உள்ளே நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களைத் தவிர தோட்டத்தில் எல்லோருக்கும் அவரே டாக்டர்.

"என்னம்மா, இன்னும் ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க. நான் துரைகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

துரை என்ற தோட்ட மனேஜர் தலையாட்ட, எனக்கு லீவு கிடைத்தது. மாத்தளைக்கு வரச்சொல்லி வீட்டிலிருந்து கடிதம் வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும் என்பதால் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நடக்க முடிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மூன்று வருஷமாக மற்றவர்களின் உடம்பைப் பார்த்தவள், என்னுடையதை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

குறித்துவைக்க ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்தேன். நாடி பார்ப்பதற்காக நான் கட்டும் கைக்கடிகாரத்தில் வினாடி முள் உண்டு. காலையில் கட்டிலை விட்டு எழும்புமுன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் நிமிஷத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. வாசலுக்குப் போய்த் திரும்பினால் நூற்றுப் பதினெட்டு. டிஸ்பென்சரிப் படி ஏழையும் ஏறினால் நூற்று முப்பதுக்கு மேல். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்கும் மரக்குழல் ஒன்று என்னிடம் இருந்தது. அதை என் நெஞ்சில் வைத்துக் கேட்கலாமா என்று முயன்று பார்த்தேன். கழுத்தை எப்படி வளைத்தாலும் என் காது என் நெஞ்சுக்கு எட்டவில்லை. கட்டிலில் தனியாக உட்கார்ந்து அப்படி வளைந்து நெளிந்துகொண்டிருந்தபோது கஞ்சியோடு வந்த டிஸ்பென்சர் ஐயாவின் மனைவி வாசலில் நின்றுவிட்டார்.

"என்னம்மா செய்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு பார்க்கிறேன்."

"அடிக்கிற வரைக்கும் சரிதானே" என்றார் அவர். கஞ்சியை வைத்துவிட்டு, "இந்தக் காய்ச்சல் வந்த வீட்டில எல்லாம் இப்படித்தான். எங்க ஆளு மத்தியானம் சாஞ்சா எந்திரிக்கிறதே இல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தினமும் நேற்றையதைவிடப் பத்து அடி கூட நடப்பது என்று தீர்மானித்தேன். பெண்களுக்கு நான் சொல்லிவந்த வைத்தியம்தானே. முதல் நாள் குவார்ட்டர்ஸிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலி வரை. அடுத்த நாள் பீலியைத் தாண்டி சவுக்கு மரம். நாலாம் நாள் கால்கள் நடுங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைக் காம்பரா வரை போய்த் தொட்டுவிட்டு வந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கிருந்த ஆயா, "ஐயோ அம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சே" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். அதற்கு அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கைவிரலைத் தூக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மறுபடி பீலியிலிருந்து தொடங்கினேன். மறுபடி ஐந்தாம் நாளில் விழுந்தேன். கொப்பியைப் பிரித்துப் பார்த்தால் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தேயிலை பறிக்கும் ஒரு கொழுந்துக்காரியின் நினைவு வந்தது. மேற்கணக்கைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை என் கையில் பிறந்தது. நான் படுத்த அதே நாளில் அவரும் படுத்தார். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்று காலை அவருக்கு நான்தான் காய்ச்சல் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். அவர் நாலாம் நாளே கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மலை என்றால் தேயிலை நிற்கும் சரிவு. தலையில் கயிறு போட்டு முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, செங்குத்தான சரிவில் நாள் முழுக்க நிற்கிற வேலை. எனக்கோ ஏழு படி ஏற மூச்சு வாங்கியது.

டிஸ்பென்சர் ஐயாவிடம் கேட்டேன். "நானும் அவங்களும் ஒரே நாள்ல படுத்தோம். அவங்க எப்படி வேலைக்குப் போறாங்க?"

"லயத்து ஆளுங்களுக்கு இரும்பு உடம்பும்மா" என்றார், எழுந்திருக்காமலே. "நீங்க டவுன்ல வளர்ந்தவங்க. அதான்."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. லயத்து ஆட்களின் உடம்பை அவரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரத்தமில்லாமல் வெளுத்த இமைகளை விரித்துப் பார்த்திருக்கிறேன். இரும்பு எங்கேயும் கண்ணில் பட்டதில்லை. ஆனால் அந்தக் கொழுந்துக்காரி வேலைக்குப் போவதும் உண்மைதானே. அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மாலை, கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்குங்கம்மா."

"அசதி இல்லையா? கால் நடுங்கலையா?"

அவர் பக்கத்தில் வந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "கால் நடுங்கினா சோறு யாரு போடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து என் நடையை அந்தப் பக்கம் திருப்பினேன். வண்டிப் பாதையில் ஒரு வளைவு உண்டு. அங்கே உட்கார ஒரு பாறையும் இருந்தது. அதில் உட்கார்ந்தால் அவர்கள் கொழுந்து எடுக்கும் நாலாம் நம்பர் மலை முழுவதும் கீழே தெரியும். பனி விலகினால் எதிரே ரிவர்ஸ்டன் பக்கத்து உச்சிகள் நீலமாகத் தெரியும். பனி கூடினால் பக்கத்துச் செடிகூடத் தெரியாது. நான் பனி விலகும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

ஒவ்வொரு நிரையிலும் ஒரு பெண். தலையில் கட்டிய துணியும் முதுகுக் கூடையும் மட்டும் செடிகளுக்கு மேலே தெரிந்தன. எண்ணினேன். எட்டுப் பேர். கொஞ்ச நேரம் கழித்து எண்ணினால் ஏழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஏழுதான். கால் மணி நேரம் கழித்து மறுபடி எட்டு. அன்று அப்படி நாலு தடவை நடந்தது. மறுநாளும் அதே கதை. காணாமல் போவது எப்போதும் இடப்புறத்திலிருந்து மூன்றாவது நிரை.

மூன்றாம் நாள் மூன்றாவது நிரை காணாமல் போனது. கால் மணி நேரம் ஆகியும் திரும்பி வரவில்லை. விழுந்து கிடக்கிறாரோ என்று பயம் வந்தது. எழுந்து சரிவில் இறங்கினேன். செடிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. எத்தனை அடி என்று எண்ணவில்லை. மூன்றாவது நிரைக்கு வந்தபோது அவர் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. கூடை பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. இரண்டு பக்கத்து நிரைகளிலும் நின்ற பெண்கள் அவருடைய செடிகளிலும் கை நீட்டிக் கிள்ளி, ஆளுக்கொரு பிடி கொழுந்தை அந்தக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குந்துங்கம்மா, குந்துங்க!" என்றாள் பக்கத்து நிரைக்காரி, உதட்டை அசைக்காமல். "கங்காணி கீழ நிக்கிறாரு."

நான் சட்டென்று கானுக்குள் உட்கார்ந்தேன். சேலை நனைந்தது. உட்கார்ந்த பிறகுதான் என் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. படுத்திருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"தேடி வந்துட்டீங்களா?"

"எத்தனை நாளா இப்படி?"

"வேலைக்கு வந்த நாளிலருந்து. மொத ரெண்டு நாள் எனக்கும் புத்தியில்லங்கம்மா. மத்தவங்க மாதிரி நின்னு எடுத்தேன். அந்தியில லயத்துக்கு ஏற ஏலாம புள்ளைங்க வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சுங்க. இந்தப் பொம்பளைங்கதான் சொன்னாளுங்க, படுத்துக்க, நாங்க பாத்துக்கிறோம்னு."

"கால் நடுங்க ஆரம்பிச்சதும் படுத்துருவீங்களா?"

"ஐயோ, இல்லங்க." அவர் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார். "கால் நடுங்க முந்தியே படுத்துரணும். நடுங்கின பொறகு படுத்தா அந்த நாள் போச்சு. மறுநாளும் போச்சு."

"நடுங்கப் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். "மொதல்ல பேச்சு பிடிக்காதுங்க. பக்கத்துல இவ பேசுறது எரிச்சலா இருக்கும். அப்புறம் கொழுந்தும் முத்தலும் ஒண்ணு போலத் தெரியும், கை தப்பா எடுக்கும். அந்த நேரம் படுத்தா ஒரு வெத்தலை போடுற நேரத்துல சரியாயிரும்."

"அதான் இவ என்னை வாயை மூடுன்னா நாங்க கூடையை இறக்கிருவோம்" என்றாள் பக்கத்து நிரைக்காரி. சத்தமில்லாமல் நாலு நிரைகள் சிரித்தன.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். படுத்து எழுந்த பிறகும் நூற்றுப் பத்து. என்னுடையதைவிட மோசம். அவர் தேறவில்லை. தேறாத உடம்போடு எட்டுப் பேரின் நடுவில் ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். நான் வாரக்கணக்கில் பொறாமையோடு நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பலம் ஏழு பெண்களின் கைப்பிடிகளில் இருந்தது.

"அக்கா, எங்கூட நாளைக்கு டிஸ்பென்சரிக்கு வாங்க" என்றேன். அதுவரை நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. தோட்டத்தில் உத்தியோகத்தர் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாயில் அது தானாக வந்தது.

"வந்தா நிரை போயிருங்களே. பிந்தினா அன்னிக்கு வேலை இல்ல."

"வேலை தொடங்க முந்தி வாங்க."

அன்று கானில் இருந்து வண்டிப் பாதைக்கு ஏற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஏறினேன். எனக்கு வரும் அறிகுறி வேறாக இருந்தது. பேச்சு எரிச்சல் தரவில்லை, பேச அங்கே ஆளும் இல்லை. என் கொட்டாவிதான் எனக்கு அறிகுறி. தூக்கமே வராத காலை நேரத்தில் கொட்டாவி வந்தது. வந்ததும் உட்கார்ந்தேன். அது போனதும் எழுந்தேன். மறுநாள் நான் கட்டிலில் விழவில்லை. கொப்பியில் அந்தப் பக்கத்தில் "கொட்டாவி" என்று மட்டும் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன்.

அந்த மறுநாள் காலையில் அக்கா கூடையோடு வந்தார். டிஸ்பென்சர் ஐயா வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மலையில் படுத்துக் கிடந்ததைச் சொல்லவில்லை. அசதி குறையவில்லை, இரண்டு வாரத்துக்கு லேசான வேலை கொடுக்கும்படி துண்டுச் சீட்டு எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"இருமல்?"

"கொஞ்சம் இருக்குங்க" என்றார் அக்கா.

"காய்ச்சல் இல்லாதவங்களுக்குத் துண்டு எழுதினா நாளைக்குக் காலையில பேர் குடுக்கப் பிரட்டுக்களத்துல ஒரு ஆள் நிக்காது. துரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நாடி பாருங்க ஐயா. படியில ஏறவச்சுப் பாருங்க. அவங்களையும் பாருங்க, என்னையும் பாருங்க."

அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் கெட்டவர் அல்ல. மருந்து தெரிந்த எந்த மனிதருக்கும் இருக்கும் அந்தச் சின்ன ஆவல் அவருக்கும் இருந்தது. அக்காவைப் படியில் இறங்கி ஏறச் சொன்னார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கா ஏழு படியும் இறங்கி ஏறி வந்து கையை நீட்டினார். ஐயா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நூற்று நாற்பது. மறுபடி எண்ணினார். அதே எண். பிறகு நான் ஏறினேன். நூற்று இருபத்தாறு.

"சாதாரணமா ஒரு ஆளுக்கு எவ்வளவு வரணும்?" என்று அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. ஏழு படி ஏறினால் நல்ல உடம்புக்கு எவ்வளவு என்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒப்பிட ஒரு நல்ல உடம்பு வேண்டும். "நான் ஏறிக் காட்டுறேன்" என்று ஐயா எழுந்தார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை அந்த மூன்று வாரத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். ஏறும்போது ஐந்தாவது படியில் நின்றார். எதையோ யோசிப்பதுபோல வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை என் பக்கம் நீட்டினார். நெற்றியில் வியர்வை.

எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு.

மத்தியானம் சாய்ந்தால் எழுந்திருப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ச்சல் நேரத்தில் லயம் லயமாகப் போய் ஊசி போட்டவர் இவர். இவருக்கும் வந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லாமல் மூன்று வாரமாக நாற்காலியில் இருந்தபடியே மருந்து கலந்து கொடுத்திருக்கிறார்.

"ஐயாவுக்கும் இரும்பு உடம்புதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முதலில் சிரித்தது அவர்தான். சிரிக்கையில் இருமல் வந்து, அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அவர் பேனாவை எடுத்தார். "பிள்ளைக் காம்பராவில ஆயாவுக்கு உதவியா ரெண்டு வாரம் போடுறேன். நிழல்ல இருக்கலாம்."

"ஐயோ, அது வேணாங்க!" என்றார் அக்கா. நான் திகைத்துப்போனேன். "அங்க இருபது புள்ளைங்க இருக்குங்க. தூக்கணும், இறக்கணும், கழுவணும். ஒண்ணு தூங்கினா ஒண்ணு எந்திரிக்கும். மலையில நெனச்ச நேரம்..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"மலையில நெனச்ச நேரம் என்ன?" என்றார் ஐயா.

"காத்து வரும்" என்றேன் நான்.

ஐயா துண்டுத் தாளை இழுத்துக்கொண்டார். அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேற்கொண்டு கேட்கவில்லை. கடைசியில் நாற்று மேடையில் வேலை என்று எழுதினார். தேயிலைக் கன்று வளர்க்க மண் சலித்துப் பைகளில் நிரப்பும் வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம், ஆனால் கை ஓயாது. அக்கா துண்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"எங்க செட்டுல இன்னும் மூணு பேருக்குக் காய்ச்சல் வந்துச்சுங்க. எனக்குக் கொழுந்து போட்டவளுங்..." மறுபடி நிறுத்திக்கொண்டார். "அவங்களையும் ஏறி இறங்கச் சொல்லுவீங்களா?"

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பாத" என்றார்.

அந்த வாரம் முழுக்க டிஸ்பென்சரிப் படியில் பெண்கள் இறங்கி ஏறினார்கள். நானும் ஐயாவும் மாறி மாறி எண்ணினோம். காய்ச்சல் வராத பெண்களையும் இரண்டு பேரை ஏற வைத்துப் பார்த்தோம். அவர்களுக்கு நூறைத் தாண்டவில்லை. எங்கள் கேள்விக்கு அப்போது ஒரு பதில் கிடைத்தது. காய்ச்சல் வந்தவர்களிலும் ஒருத்தி தொண்ணூற்றாறிலேயே நின்றாள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒரே லயத்தில், ஒரே காம்பராவில், கூடப்பிறந்த இரண்டு பேர். ஒருத்தி ஒரு வாரத்தில் எழுந்து ஓடினாள். மற்றவள் இரண்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். ஐயா தன் பழைய புத்தகங்களைப் புரட்டினார். "காய்ச்சலைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்கான். அது போன பிறகு என்ன ஆகும்னு ஒரு வரி இல்லம்மா" என்றார். மூன்று பேருக்குத் துண்டு கிடைத்தது. கங்காணி வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வந்தபோது ஐயா அவரையும் படியில் ஏறச் சொல்ல, அவர் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

என் லீவு முடிந்தது. கீழ்க்கணக்கில் மட்டும் வேலை பார்த்தேன். மேற்கணக்கிலிருந்து வரக்கூடிய கர்ப்பிணிகள் இறங்கி வந்தார்கள். எட்டு மாதப் பெண்கள் என்னைப் பார்க்கச் சரிவில் இறங்கி வருவது எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டாவியைக் கவனித்துக் கவனித்து நடையைக் கூட்டினேன். முன்புபோல நேற்றையதைவிடப் பத்து அடி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. சில நாள் குறைத்தும் நடந்தேன். அப்படிக் குறைத்த நாட்களுக்குப் பிறகுதான் கொப்பியில் எண்கள் இறங்கின. இதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

மாசி முடியும் தறுவாயில் ஒரு காலை மேற்கணக்குக்குக் கிளம்பினேன். அக்காதான் துணைக்கு வந்தார். நாற்று மேடை வேலை முடிந்து அவர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று ஞாயிறு. பெட்டியைத் தான் தூக்கி வருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவர் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இப்படியே அது கை மாறி மாறி ஏறியது. பாதையின் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தோம். யாருக்கு முதலில் வருகிறது என்று பார்த்தோம். சில இடத்தில் எனக்குக் கொட்டாவி, சில இடத்தில் அவருக்கு என் பேச்சு பிடிக்காமல் போனது.

"இப்ப பேசாதீங்கம்மா."

"சரி, குந்துங்க அக்கா."

முக்கால் மணி நேரப் பாதைக்கு இரண்டே கால் மணி நேரம் பிடித்தது. லயத்துப் பிள்ளைகள் மேலே நின்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். மூன்று கர்ப்பிணிகளைப் பார்த்தேன். ஒரு குழந்தையை எடை பார்த்தேன். அக்கா வீட்டில் சுட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பாலில்லாத் தேநீரான சாயத் தண்ணியும் தந்தார்கள். ஏறிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது தனியாகவே இறங்குவதாகச் சொல்லிக் கிளம்பினேன். இறங்குவதுதானே, என்ன இருக்கிறது? மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை, கொட்டாவி ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவது வளைவிலேயே முழங்காலுக்கு மேலே இரண்டு தொடையும் வெண்டைக்காய் வெந்ததுபோல் குழைந்தன. ஒரு அடி வைத்தால் அடுத்த அடி தானாக ஓடப் பார்த்தது. பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் நான் ஏறுவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்குவதற்கு வேறு சதை, வேறு பலம் வேண்டும் என்பது கொப்பியில் எங்கும் இல்லை.

மேலே இருந்து அக்காவின் குரல் கேட்டது. அவர் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பக்கவாட்டுல இறங்குங்கம்மா! கூடை சுமந்தவ மாதிரி, ஒரு பக்கமா!"

இடுப்பைத் திருப்பி, ஒரு தோளைச் சரிவுக்குக் கொடுத்து, நண்டுபோல இறங்கிப் பார்த்தேன். கால் நின்றது. மீதி எட்டு வளைவுகளையும் அப்படியே இறங்கினேன். கீழே பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு, இந்த மருத்துவச்சியம்மாவுக்கு என்ன வந்தது என்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் அப்படியே பக்கவாட்டில் அவர்களைத் தாண்டிப் போனேன். மூன்று நாள் தொடை வலித்தது. நாலாம் நாள் மறுபடி மேற்கணக்குக்கு ஏறினேன்.